பானைகளை வரிசையில் நிற்க வைத்தவர்

குழந்தைகளே! உங்கள் வீட்டில் பழைய செய்தித்தாள்களை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா? யாரும் கலைக்காமல் இருந்தால் அடியில் இருப்பதுதான் மிகப் பழையது. மேலே இருப்பது நேற்றையது. சந்தேகம் வந்தால் தாளிலேயே தேதி பார்த்துக்கொள்ளலாம். ஆனால், மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பானையில் தேதி ஏது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்தான் பிளிண்டர்ஸ் பெட்ரி.

இவர் 1853ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி லண்டனை அடுத்த சார்ல்டனில் பிறந்தார். தாய்வழித் தாத்தா மேத்யூ பிளிண்டர்ஸ், ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றி வந்து வரைபடம் தயாரித்தவர். பெட்ரி சிறுவயதில் அடிக்கடி நோயில் படுத்ததால் பள்ளிக்கூடமே போகவில்லை. கொடுத்து வைத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள்! நில அளவைக் கலையைத் தந்தையே வீட்டில் கற்றுக் கொடுத்தார். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தைத் தந்தையும் மகனும் சேர்ந்து அளந்தார்கள்.

எட்டு வயதில் நடந்த ஒன்றை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பழைய ரோமானிய மாளிகை ஒன்றை மண்வெட்டியால் தடதடவென்று தோண்டி எடுத்ததைப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்குப் பதறிப்போயிற்று. அங்குலம் அங்குலமாக அல்லவா மண்ணைச் சீவ வேண்டும் என்று வாதாடினானாம்.

1880இல், 27 வயதில், பெட்ரி எகிப்துக்குக் கப்பல் ஏறினார். கீஸாவின் பெரிய பிரமிடின் அளவுகளில் தெய்வ ரகசியங்கள் ஒளிந்திருப்பதாக அப்போது பலர் நம்பினார்கள். அவருடைய தந்தையும் அதை நம்பியவர்தான். காலியான ஒரு கல்லறைக் குகையில் தங்கிக்கொண்டு பெட்ரி அளக்கத் தொடங்கினார். சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நெருங்காமல் இருக்க இளஞ்சிவப்பு உள்ளாடையோடு நின்று வேலை செய்வாராம்! அளந்து முடித்தபோது, அந்த ரகசியக் கணக்கு பொருந்தவில்லை. தந்தையின் நம்பிக்கை ஆயிற்றே என்று மறைக்காமல், அளவுகளை 1883இல் புத்தகமாகவே வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் எகிப்தைத் தோண்டியவர்கள் பலருக்கும் பொன்னும் சிலையும்தான் வேண்டியிருந்தது. உடைந்த பானை ஓடுகளைக் குப்பையாக வீசினார்கள். பெட்ரியோ ஓடுகளைத்தான் பொறுக்கினார். ஏன் தெரியுமா? தங்கத் தோடு பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும். அது கிடைத்த இடத்தை மட்டும் வைத்து அதன் வயதைச் சொல்வது கடினம். மண்பானை அப்படியா? உடையும், உடைந்த இடத்திலேயே கிடக்கும், புதிதாக ஒன்று வாங்குவார்கள். வடிவமும் காலத்துக்குக் காலம் மாறும். 1890இல் பாலஸ்தீனத்தில் டெல் எல்-ஹெசி என்ற மேட்டில் ஆறே வாரம் வேலை செய்தார். ஓடை அரித்த பக்கத்தில் சுமார் 60 அடி உயரத்துக்கு மண் அடுக்குகள் தெரிந்தன. எந்த அடுக்கில் எந்த வகை ஓடு என்று குறித்து, அடுக்குகளின் காலத்தை முன்பின்னாகப் பிரித்துக் காட்டினார்.

அப்படிப்பட்டவரும் ஒருமுறை சறுக்கினார். 1894-95 குளிர்காலத்தில் எகிப்தின் நகாடாவில் 2,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். அங்கே கிடைத்த பானைகள் அதுவரை எகிப்தில் கண்டவை போல் இல்லை. வெளியிலிருந்து படையெடுத்து வந்த புதிய இனத்தாரின் கல்லறைகள் இவை, பிரமிடு கட்டிய மன்னர்களுக்குப் பிற்பட்டவை என்று எழுதிவிட்டார். பிரெஞ்சு அறிஞர் ஜாக் டி மார்கன், இவை முதல் மன்னருக்கும் முற்பட்டவை என்று காட்டினார். சில ஆண்டுகள் கழித்துத்தான் பெட்ரி ஒப்புக்கொண்டார். மனிதர் கொஞ்சம் பிடிவாதக்காரர்!

ஒப்புக்கொண்டபின் அடுத்த சிக்கல். எழுத்தே இல்லாத காலத்துக் கல்லறைகள் இவை. அடுக்கடுக்காகவும் இல்லை, பக்கம் பக்கமாகத் தோண்டிய குழிகள். எது முந்தியது, எது பிந்தியது? பெட்ரி அட்டைத் துண்டுகளை எடுத்தார். ஒரு கல்லறைக்கு ஓர் அட்டை. அதில் கிடைத்த பானை வகைகள் எல்லாம் அந்த அட்டையில். இப்படிச் சுமார் 900 அட்டைகள். ஒரே வகைப் பானைகள் உள்ள அட்டைகள் அருகருகே வரும்படி மாற்றி மாற்றி அடுக்கினார். கணினி இல்லாத காலம், நினைவிருக்கட்டும்!

வரிசையின் எந்த முனை பழையது என்று ஒரு ஜாடி காட்டிக் கொடுத்தது. முதலில் அது குண்டாக இருந்தது. பிடித்துத் தூக்க வளைவு வளைவாக இரண்டு கைப்பிடிகள். பிறகு ஜாடி மெலிந்தது, பிடிகள் சிறுத்தன. கடைசியில் குழாய் போன்ற ஜாடியில் வெறும் அலைக்கோடு மட்டும் மிஞ்சியது. அந்தக் கடைசி வகை முதல் மன்னர்களின் காலத்துப் பானைகளோடு ஒட்டி வந்தது. ஆக, குண்டு ஜாடிதான் மூத்தது!

வரிசைக்கு 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். இன்னும் பழைய கல்லறைகள் கிடைத்தால் வைக்க 1 முதல் 29 வரை காலியாக விட்டார். இவை ஆண்டுக் கணக்கு அல்ல. உங்களை உயர வரிசையில் நிற்கச் சொன்னால் யார் குட்டை, யார் நெட்டை என்று தெரியும். எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியாது அல்லவா? அதைப் போலத்தான்.

சென்டிமீட்டர் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பெட்ரி 1942இல் ஜெருசலேமில் தம் 89ஆம் வயதில் காலமானார். 1949இல் அமெரிக்க அறிஞர் வில்லார்ட் லிபி, கார்பன்-14 முறையை அறிவித்தார். உயிருள்ளவை எல்லாம் இந்தக் கார்பனை உட்கொள்கின்றன. இறந்தபின் அது சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். தம் முறை சரிதானா என்று பார்க்க லிபி எடுத்துக்கொண்டவற்றில், ஏற்கெனவே வயது தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளும் இருந்தன. அதற்காக 1960இல் நோபல் பரிசும் பெற்றார்.

பெட்ரியின் கல்லறைகள் பெரும்பாலும் கி.மு. 4000க்கும் 3000க்கும் இடைப்பட்டவை என்று இன்று தெரிகிறது. அவர் அடுக்கிய வரிசையில் பின்வந்தவர்கள் சில இடங்களைத் திருத்தினார்கள். ஆனால் மொத்தப் போக்கு மாறவில்லை. லண்டனில் பெட்ரி பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் சேர்த்த பானைகளை அங்கே அலமாரிகளில் பார்க்கலாம்.