முடங்கிய வீரர்க்கு வாழ்வளித்த மருத்துவர்

மனித உடலைத் தாங்கி நிற்கும் தூண் முதுகெலும்பு. அதன் உட்புழையில், சிறுவிரற் பருமனே உடைய மெல்லிய நரம்புத் தண்டு ஒன்று மூளையினின்று கீழ்நோக்கி ஓடுகிறது. மூளை இடும் ஆணையைக் கை கால்களுக்குக் கொண்டு செல்வதும், உடலிற் பட்ட சூட்டையும் குளிர்ச்சியையும் நோவையும் மூளைக்கு அறிவிப்பதும் அத்தண்டே ஆகும். குண்டடியாலோ வீழ்ச்சியாலோ அஃது அறுபடின், அவ்விடத்திற்குக் கீழ் உள்ள உடற்பகுதி முழுவதும் அசைவும் உணர்வும் இழந்துவிடும். அறுந்த தண்டினைப் பழையபடி இணைக்கும் வழி இன்றுகாறும் கைகூடவில்லை. எனினும், இவ்வாறு முடங்கியவர்கள் உழைத்து உண்டு, மனைவி மக்களோடு நெடுநாள் வாழ வழி கண்டவர் ஒருவர் உண்டு. அவரே லுட்விக் குட்மன்.

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள், அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்ததும் இந்நாளில் போலந்தில் உள்ளதுமான டோஸ்ட் என்னும் ஊரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த பகுதி அது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில் அவர் ஒரு விபத்து மருத்துவமனையில் பணிபுரிந்தார். ஒரு நாள், முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவனை அங்குக் கொணர்ந்தனர். கட்டமைந்த உடலினன், இளைஞன். குட்மன் அவனுடைய நோய்க்குறிப்பை எழுதத் தொடங்கினார். சில வாரங்களில் இறந்துவிடுவான் ஆதலின் அவ்வுழைப்பு வேண்டா என்றனர் மூத்தோர். அவர்கள் கூறியபடியே ஐந்து வாரங்களில் அவன் இறந்தான். அவனைக் கொன்றது எலும்பு முறிவு அன்று. அதன்பின் உடலிற் பரவிய நச்சுக் கிருமிகளே. அவ்விளைஞனின் முகம் குட்மனின் நெஞ்சை விட்டு இறுதிவரை அகலவில்லை.

அடுத்த ஆண்டே மருத்துவக் கல்வியிற் புகுந்தார். 1924இல் பட்டம் பெற்று, பிரெஸ்லா நகரில் நரம்பு மருத்துவ மேதையாக விளங்கிய ஒட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரிடம் பணிபுரிந்து சிறந்தார். ஆனால் 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் அரசுப் பதவிகளிலிருந்து துரத்தப்பட்டனர். குட்மனும் பதவி இழந்து, அந்நகரின் யூத மருத்துவமனையை அடைந்தார். 1937இல் அதன் தலைமை மருத்துவரானார்.

1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்களும் கடைகளும் தீக்கிரையாயின. ஆடவர் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடிக்கப்பட்டனர். அடைக்கலம் நாடி வருவோர் எவராயினும், வினவாது படுக்கை அளிக்குமாறு குட்மன் கட்டளையிட்டார். ஓரிரவில் 64 பேர் நோயாளிகள் ஆயினர். மறுநாள் இரகசியப் போலீசார் வந்து காரணம் கேட்டனர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவர்க்கும் ஒரு நோயின் பெயரைச் சற்றும் தயங்காது உரைத்தார். அறுபதின்மர் காவலுக்குத் தப்பினர். உயிர் காத்த பொய்யைக் குற்றம் என்று சொல்வார் யார்?

1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் மனைவியோடும் இரு மக்களோடும் இங்கிலாந்து சேர்ந்தார். பெரும்புகழ் வாய்ந்த மருத்துவர், அயல்நாட்டில் ஆக்ஸ்போர்டு நகரில் ஆராய்ச்சி உதவியாளராகக் காலங்கழித்தார். போர் முற்றியது. ஐரோப்பியக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கப் போகும் காலம் நெருங்கிற்று. முதுகிற் காயமுற்றுத் திரும்பும் வீரர்களுக்கெனத் தனி மருத்துவ நிலையம் வேண்டும் என அரசாங்கம் எண்ணியது. அதனை ஏற்று நடத்துமாறு 1943இல் குட்மனைக் கேட்டது. தம் விருப்பப்படி நடத்த உரிமை தரின் ஏற்பதாக அவர் இசைந்தார். ஒரு பயனும் விளையாத வேலையை ஏன் மேற்கொள்கிறார் என்று மருத்துவர் பலர் வியந்தனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போரில் இத்தகைய காயமுற்றோருள் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியோர் இல்லங்களின் மூலைகளில் கிடந்து தேய்ந்தனர்.

1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், எயில்ஸ்பரி நகரை அடுத்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அந்நிலையம் திறக்கப்பட்டது. குட்மன் முதலில் போர் தொடுத்தது படுக்கைப்புண் மீதே. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாக நெடுநேரம் கிடப்பின், அழுந்திய இடத்தில் குருதியோட்டம் நின்று தசை அழுகும். நோயாளி அதனை உணரான். ஆகவே நோயாளிகளை அடைத்து வைத்திருந்த சாந்துக் கட்டுகளை அகற்றினார். இரவு பகல் என்று பாராது, இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிக் கிடத்த வேண்டும் என விதித்தார். நள்ளிரவில் எதிர்பாராது தாமே வந்து நின்று பார்ப்பார். சிறுநீர் வெளியேற்றும் குழாயைத் தூய்மை கெடாவண்ணம் மருத்துவர்களே செலுத்த வேண்டும் என்றார். அவர் மிகக் கண்டிப்பானவர், முன்கோபியுங்கூட. தாதியரும் அஞ்சினர்; நோயாளிகளும் முணுமுணுத்தனர். ஆயினும் புண்கள் ஆறின, காய்ச்சல் தணிந்தது, சாவு விலகியது. பின்னர் அந்நோயாளிகளே அவரை அப்பா என்னும் பொருள்படச் செல்லப்பெயரிட்டு அழைத்தனர்.

உயிர் பிழைத்தாயிற்று, இனி என்ன செய்வது? இருபது வயதில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த இளைஞன் எதை நம்பி எழுவான்? அவனை எதிர்நோக்கும் மனைவி எவ்வாறு குடும்பம் நடத்துவாள்? குட்மன் இவற்றையும் மருத்துவத்தின் பகுதி என்றே கொண்டார். காலையில் தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்த்தல் போன்ற தொழில்கள் பயிற்றப்பட்டன. இருபதின்மரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் நிறுவனங்கள், நூற்றுக்கு மூவர் வீதம் உடற்குறை உடையோரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்னும் சட்டமும் 1944இல் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அதனால், கற்ற தொழில் வீண்போகாமல் பலர் கூலி பெற்றுக் குடும்பம் காத்தனர்.

வீடு திரும்புவதுதான் கடினமாக இருந்தது. சக்கர நாற்காலி நுழையாத வாயில், ஏறமுடியாத படி, எட்டாத குழாய். மருத்துவமனையில் தன்னைத்தானே பேணிக்கொள்ளப் பழகியவன், தன் வீட்டில் மீண்டும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலை நேர்ந்தது. வாயிலை அகலமாக்கி, படிக்கு மாற்றாகச் சாய்தளம் அமைத்தாலன்றிச் சிகிச்சை நிறைவுறாது என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தனர். முடங்கியவர்க்கு மணவாழ்வு இல்லை என்ற பழைய எண்ணத்தையும் குட்மன் ஏற்கவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்றோருள் பலர் மணம் புரிந்து மக்களையும் பெற்றனர். இதனை ஆராய்ந்து கட்டுரையும் எழுதினார்.

தசைகள் வலுவுற விளையாட்டே சிறந்த மருந்து எனக் கண்டார். நாற்காலியில் அமர்ந்தவாறே கைத்தடியால் அடித்தாடும் போலோ ஆட்டத்தில் தாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்து கலந்துகொண்டார். ஆட்டம் முரடாகிப் போகவே, அதனைக் கைவிட்டுக் கூடையிற் பந்தெறியும் ஆட்டத்தைக் கொணர்ந்தார். வில்வித்தை அவருக்கு மிகவும் பிடித்தது. தோளும் முதுகும் உரம்பெறும்; அன்றியும், நடக்க வல்லாருடன் சமமாக நின்று போட்டியிட இயலும்.

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கிற்று. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேர் வில் ஏந்தினர். பதினால்வர் ஆடவர், இருவர் பெண்டிர். அனைவரும் படைகளிற் பணியாற்றி முடமானோர். ஆண்டுதோறும் அப்போட்டி வளர்ந்தது. 1952இல் ஹாலந்து நாட்டுப் போர்வீரர்கள் கடல் கடந்து வந்து கலந்துகொள்ளவே, அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960இல் உரோமாபுரியில் ஒலிம்பிக்கை அடுத்து 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடினர். அங்கே தங்கும் விடுதிகளுக்குப் படிகள் இருந்தமையால், இத்தாலியப் படைவீரர்கள் அவர்களை நாற்காலியோடு தூக்கிச் சென்றனர். இதுவே முதற் பாராலிம்பிக் என இன்று எண்ணப்படுகிறது.

1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட நம் நாட்டுப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த இப்போட்டியில் ஐம்பது மீட்டர் நீச்சலில் தங்கப்பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. எந்த நாடு குட்மனைத் துரத்தியதோ, அந்த நாடே அவர் தொடங்கிய விளையாட்டுக்கு அவ்வாண்டு இடமளித்தது.

1966இல் குட்மன் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மருத்துவமனைப் பணியினின்று ஓய்வும் பெற்றார். எனினும் விளையாட்டு அரங்கம் எழுப்புவதிலும் நூல் எழுதுவதிலும் ஓயாது உழைத்தார். 1980ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் உயிர் நீத்தார். 2024இல் பாரிசு நகரில் நடந்த பாராலிம்பிக்கிற்குரிய சுடர் ஸ்டோக் மாண்டவில்லில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டது.