படகில் பிறந்த சவுண்ட் ஐடியா!

வீட்டிலேயே ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்கு பஃபர் செய்கிறவரா நீங்கள்? ஆப்-ஆம்ப் ஐசியின் அவுட்புட்டிலிருந்து ஒரு ஒயரை, அதன் மைனஸ் இன்புட்டுக்கே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அந்த ஒத்தை ஒயருக்குப் பின்னால ஒரு மனுஷனோட 16 வருஷ உழைப்பு இருக்கு!

அவர் ஹரால்ட் பிளாக். 1898-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1921-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது தொலைதூர போன் பேச்சு வரிசையாகப் பல ஆம்ப்ளிஃபையர்களைத் தாண்டித்தான் போகணும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் கெடுக்கும்.

1927 ஆகஸ்ட் 2. ஹட்சன் நதியில் படகேறி ஆபீஸுக்குப் போகும்போது பிளாக்குக்குப் பொறி தட்டியது. அவுட்புட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி இன்புட்டுக்கே அனுப்பினால்? சத்தம் பெருகுவது குறையும். கூடவே பிசிறும் குறையும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பரிலேயே கிறுக்கி வைத்தார். டிசம்பரில் சோதனையும் வெற்றி.

ஆனால் யாரு நம்புறது? கஷ்டப்பட்டுக் கூட்டிய சக்தியை யாராவது வேண்டுமென்றே குறைப்பார்களா? 1928-ல் விண்ணப்பித்த பேட்டன்ட், 1937-ல்தான் கிடைத்தது. பிளாக் 1983-ல் காலமானார்.

அந்த ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’தான் உங்கள் பஃபரின் அவுட்புட் இம்பீடன்ஸை ஒரு ஓமுக்கும் கீழே இறக்குகிறது. ஹெட்போனின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாறினாலும் பேஸ் அசையாமல் நிற்பது அதனால்தான். அடுத்த முறை அந்த ஒயரைச் சால்டர் பண்ணும்போது பிளாக்கை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!