இடைகழியில் முடிந்த தனிமை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மூங்கில்துறைப்பட்டின் கரும்புக் கழனிகளைக் கடந்து கிழக்கே செல்லும் தென்பெண்ணை, திருக்கோவலூரை அடைகிறது. உலகத்தாரை விட்டு ஒதுங்கித் திரிந்த பொய்கையாழ்வாரின் தனிமை ஓர் இரவில் முடிவுற்றது இந்த ஆற்றங்கரையில்தான். அவருடைய வைபவத்தைச் சுருக்கமாக அநுபவிப்போம்.

காஞ்சியில் திருவெஃகாப் பொய்கையில், ஐப்பசித் திருவோணத்தன்று, தாமரை மலரில் பாஞ்சஜந்யத்தின் அம்சமாக ஆழ்வார் அவதரித்தார். அடுத்த நாளான அவிட்டத்தில் கடல்மல்லையில் பூதத்தாழ்வாரும், அதற்கடுத்த சதயத்தில் மயிலையில் பேயாழ்வாரும் அவதரித்தனர். மூவரும் ஒருவரையொருவர் அறியார்.

உண்பதையும் பொருளீட்டுவதையுமே பேசிக் காலம் கழிக்கும் ஸம்ஸாரிகளோடு கூடியிருப்பது ஆழ்வாருக்குப் பொருந்தவில்லை. வீடும் உறவும் வேண்டாமல், எம்பெருமானையே நினைந்து, நாளுக்கு ஓரிடமாகத் தனியே திரிந்தார். இதைக் கேட்கும்போது, ஓய்வூதியம் பெறும் வயதை எட்டிய நமக்கும் ஓர் ஆசை பிறக்கிறது. கல்வராயன் மலை போன்ற ஓரிடத்தில் தனித்திருந்தால் விடுதலை கிட்டிவிடும் என்று எண்ணுகிறோம். ஆழ்வாருடைய சரித்திரமோ தனிமையோடு நின்றுவிடவில்லை.

ஓர் இரவு, மழையும் காரிருளும் சூழ, ஆழ்வார் திருக்கோவலூரில் மிருகண்டு மஹர்ஷியின் ஆச்ரமத்து இடைகழியில் கண்வளர்ந்தார். இடைகழியாவது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள ரேழி. பூதத்தார் வந்து இடம் வேண்டினார். ஒருவர் கிடக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று ஆழ்வார் எழுந்து அமர்ந்தார். பேயாரும் வரவே மூவரும் நின்றனர். அப்போது நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர்.

யாரென்று காண, பூமியை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு பொய்கையார் விளக்கேற்றினார். பூதத்தார் அன்பை அகலாக்கி ஞானவிளக்கு ஏற்றினார். புறவிருளும் அகவிருளும் நீங்கியதும், பிராட்டியோடு கூடிய எம்பெருமானைப் பேயார் ஸேவித்தார். மூவரும் நூறு நூறு வெண்பாக்களாக அருளிய திருவந்தாதிகள் மூன்றும் நாலாயிரத்தில் இயற்பாவின் முதலில் அமைந்துள்ளன.

ஆழ்வார் தனியே நடந்த வழிகளில் எங்கு வேண்டுமானாலும் எம்பெருமான் காட்சி தந்திருக்கலாம். ஆயினும் அடியார் மூவர் கூடுமளவும் காத்திருந்து, அவர்களுடைய நெருக்கத்திலேயே தானும் வந்து கலந்தான். வேதாந்த தேசிகன் தம் தேஹளீச ஸ்துதியில், எம்பெருமானைப் பெண்ணைக்கரைக் கரும்பாகவும், ஆழ்வார்கள் நெருக்கியதில் பிறந்த சாறாக அவனுடைய இனிமையையும் அநுபவிக்கிறார். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தனியே நிற்கும் கரும்பில் சாறு உண்டு. ஆனால் நெருக்கினாலன்றி அது வெளிப்படாது.

அதன்பின் ஆழ்வார் தனியே திரியவில்லை. மூவரும் கூடியே திவ்யதேசங்களை ஸேவித்தனர்; திருமழிசையாழ்வாரைக் கண்டு அவரோடும் கூடியிருந்தனர் என்பது குருபரம்பரைச் செய்தி. ஆழ்வார் விட்டது உலகியல் பேச்சை. அடியார் வந்து நின்றபோது அவர் விலகவில்லை, எழுந்து இடம் தந்தார்.

நாமும் ஓய்வுக்குப்பின் விட வேண்டியவற்றை விடுவோம். அயல்நாட்டில் இரண்டு மூன்று குடும்பங்களே கூடும் சிறிய கோஷ்டியானாலும், வருகிற ஒருவருக்காகச் சற்று நகர்ந்து அமர்வதை மட்டும் விடாதிருப்போம். அந்த நெருக்கத்தில் நான்காமவனும் வந்து நிற்பான்.

பொய்கையாழ்வார் திருவடிகளே சரணம்.