புதுமைப்பித்தனும் படக்கதைச் சந்தையும்

திருநெல்வேலியைச் சேர்ந்த சொ. விருத்தாசலம் பி. ஏ. பட்டம் பெற்ற 1931 ஆம் ஆண்டிலேதான் தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. இரண்டும் ஓராண்டில் நேர்ந்தமை தற்செயலே. ஆயினும், புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரால் தமிழுலகம் அறிந்த அவ்விருத்தாசலத்தின் இறுதி ஆண்டுகளைத் திரைப்படத் தொழிலே விழுங்கிற்று என்பதை நினைக்கையில், அத்தற்செயல் என் நெஞ்சை உறுத்துகின்றது.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். முன்னெல்லாம் கவிதை எழுதிக் கொண்டுவந்து காட்டுவார்கள். இப்பொழுது அவர்களுட் சிலர் படக்கதை எழுதிக் கொண்டுவருகின்றனர். சென்னையிலோ கொழும்பிலோ அதனை விலைக்குக் கொள்வார் உளரோ என்பது அவர்கள் வினா. நான் விடையாகச் சொல்வது புதுமைப்பித்தன் வரலாற்றையே. எங்கள் மலைநாட்டு லயங்களின் துயரைக் கதையாக்கியவர் அவர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1906 ஆம் ஆண்டு ஏப்பிரல் 25 ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் அவர் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். ஊர் ஊராக மாற்றலாகியவர். தாயார் பர்வதத்தம்மாளை எட்டு வயதில் இழந்த பிள்ளை, சிற்றன்னையின் கீழ் வளர்ந்தது. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. திருநெல்வேலி இந்துக் கல்லூரியிற் படிப்பு முடிந்தது. 1932 இல் திருவனந்தபுரத்துக் கமலாவை மணந்தார். மகன் அரசாங்க வேலையில் அமர வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். மகனுக்கோ எழுத்தன்றி வேறு நாட்டமில்லை. மனத்தாங்கலுடன் வீட்டைவிட்டுச் சென்னை சேர்ந்தார். 'மணிக்கொடி'யில் 1934 முதல் அவர் கதைகள் வரலாயின. வயிற்றுப்பாட்டுக்கு 'ஊழியனி'ற் சில காலமும், 'தினமணி'யிற் பல்லாண்டுகளும் பணிபுரிந்தார்.

'துன்பக்கேணி' 1935 இல் 'மணிக்கொடி'யில் வந்தது. தலைப்புக்குரிய சொல் பீசித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிரைப் பற்றிய பாரதியின் பாட்டிலிருந்து பெற்றது. கதை நிகழும் களமோ நமது இலங்கைத் தேயிலைத் தோட்டம். திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து கப்பலேறி வரும் மருதி என்னும் பெண், இங்கே கங்காணியிடமும் துரையிடமும் படும் பாட்டை அவர் ஒளிவு மறைவின்றி எழுதினார். கண்ணீர் சிந்தி அழைக்கும் நடையன்று. கசப்பை விழுங்கிக்கொண்டு சொல்லும் நடை. தோட்டத்தில் வாழ்ந்தறியாத ஒருவர், ஆள் கட்டிக் கொணரும் முறையையும், அதனிடையே ஒரு பெண்ணின் உடல் படும் விலையையும் இத்துணைத் தெளிவாகக் கண்டது எவ்வாறு என்று வியவாத ஆண்டில்லை எனக்கு. காட்சி காட்சியாக நகரும் அக்கதையைப் படிக்குந்தோறும் படமெடுப்பார்க்கென்றே எழுதியதோ என்று தோன்றும். ஆனால் அக்காலப் படமுதலாளிகள் பெரும்பாலும் நாடியவை புராணமும், நாடக மேடையில் ஏற்கெனவே ஓடித் தேறிய கதையுமே. புதுக்கதைக்கு முதல் போடுவது சூதாட்டம் என அவர்கள் அஞ்சினர். இன்றைய முதலாளிகளும் அவ்வளவாக மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

எனினும் எழுத்தாளனுக்கு ஒரு வாயில் திறந்தது. 'மணிக்கொடி'க் குழுவில் இருந்த தணிகாசலம் என்பார், இளங்கோவன் என்ற பெயரில் 1937 இல் 'அம்பிகாபதி'க்கு வசனம் தீட்டினார். பாட்டுக்காக மட்டும் படம் பார்த்தவர்கள் வசனத்தையும் செவிமடுக்கத் தொடங்கினர். அவர் வழியிற் பி. எஸ். ராமையா முதலியோரும் ஸ்டூடியோக்களை நாடினர். இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலாளி வாங்கியது எழுத்தாளனின் கதையை அன்று. எவரும் அறிந்த பழங்கதைக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் அவன் கையை. எங்கள் தோட்டத்திற் பால் வெட்டுபவர் மரத்துக்கு உரியவரல்லர். வாளியில் நிறைந்த பாலுக்கும் உரியவரல்லர். அன்றைக்கு விழும் பேருக்கு மட்டுமே உரியவர். வசனகர்த்தாவின் நிலையும் அதுவே. அந்நாளில் இந்தியாவில் வழங்கிய 1914 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், மாறான உடன்படிக்கை இல்லையேல், வேலைக்கு அமர்ந்தவன் வேலையின் பொருட்டு எழுதியதை முதலாளிக்கே உரியதாக்கிற்று.

1943 இல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் 'தினமணி'யைவிட்டு விலகியபோது புதுமைப்பித்தனும் விலகினார். பின்னர்ச் சொக்கலிங்கத்தின் 'தினசரி'யிற் சேர்ந்து, அதனையும் துறந்தார். இனிப் படத்தொழில் ஒன்றே கதி. ஜெமினியின் 'ஔவையா'ருக்கு வசனம் எழுதினார். பலர் கைபட்ட அப்படம் வெளிவந்தது 1953 இல். அவர் இறந்து ஐந்தாண்டு கழிந்த பின். 'காமவல்லி'க்கும் எழுதினார்.

பிறர்க்கு எழுதிக் கொடுப்பதிற் சலிப்புற்றோ, தம் எண்ணம் தம் வண்ணமே திரையேற வேண்டும் என்னும் வேட்கையாலோ, தாமே ஒரு படக்கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ். தாயின் பெயர் அதில் ஒலிப்பதைக் காண்க. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைத் தழுவி 'வசந்தவல்லி' எடுப்பது நோக்கம். குறவஞ்சியின் நகையும் துள்ளலும் அறிந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் கையில் அது எப்படி அமைந்திருக்கும்! கையிற் பணமில்லை, படம் தொடக்கத்திலேயே நின்றது, கடன் நின்றுவிடவில்லை.

அப்பொழுது எம். கே. தியாகராஜ பாகவதர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து 1947 இல் விடுதலை பெற்று வந்து, 'ராஜமுக்தி' என்னும் படத்தைத் தொடங்கினார். வசனம் எழுதப் புதுமைப்பித்தன் அமர்த்தப்பட்டு, படப்பிடிப்பு நடந்த புனாவுக்குச் சென்றார். அதுவும் அரசகுலக் கதைதான். திருவனந்தபுரத்தில் மனைவியும், 1946 இல் பிறந்த குழந்தை தினகரியும். அங்கிருந்து கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்துள்ளன. அன்பும், பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும், வராத பணத்தைப் பற்றிய ஏக்கமும் அவற்றில் மாறிமாறி வருகின்றன. நவீன இலக்கியம் பயிலும் மாணவர் அவர் கதைகளுக்கு முன்னரே அக்கடிதங்களைப் படிக்கலாம் என்பேன்; என் சக ஆசிரியர்கள் உடன்படார்.

புனாவிற் காசநோய் முற்றிற்று. 1948 மேயில் திருவனந்தபுரம் மீண்டார். ஜூன் 30 ஆம் நாள் உயிர் நீத்தார், வயது 42. 'ராஜமுக்தி' அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்து தோல்வியுற்றது. அடுத்த ஆண்டே அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யும், 1952 இற் கருணாநிதி வசனம் தீட்டிய 'பராசக்தி'யும் எழுதுவோன் பெயருக்காகவே சனங்களைக் கொட்டகைக்கு ஈர்த்தன. அவை இரண்டுங்கூட நாடக மேடையிலிருந்து வந்த கதைகளே.

இன்று படக்கதையோடு வரும் பிள்ளைக்குச் சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே எழுத்து எழுதியவனுக்கு உரியதாகின்றது, பதிவு வேண்டியதில்லை. ஆனால் வெறும் கருத்துக்கு அக்காவல் இல்லை. ஆகவே தேநீர்க் கடையில் வாயாற் சொல்லிவிட்டு வராதே. முழுவதும் எழுதி, நாளிட்டு, பிரதி வைத்துக்கொண்டு காட்டு. விற்பது கதையையா உழைப்பையா என்பதைக் கையெழுத்திடுமுன் படித்துப் பார் என்று சொல்லி அனுப்புகின்றேன்.

புதுமைப்பித்தனின் சொந்தக் கதை ஒன்று திரையைத் தொட 1979 வரை காலம் வேண்டியிருந்தது. தாயிழந்த குழந்தைகளைப் பற்றிய அவருடைய 'சிற்றன்னை'யை வித்தாகக் கொண்டு மகேந்திரன் 'உதிரிப்பூக்க'ளை எடுத்தார். கதையை மிகவும் மாற்றினார். ஆயினும் கடன்பட்டதை மறைக்கவில்லை. அப்படத்தின் சிறப்பை நான் விரிக்க வேண்டுவதில்லை. 2002 இல் தமிழ்நாட்டரசு புதுமைப்பித்தன் நூல்களை நாட்டுடைமையாக்கியது. இலங்கைச் சட்டப்படி ஆசிரியன் மறைவுக்குப்பின் எழுபதாண்டு நிற்கும் உரிமையும் 2018 உடன் முடிந்தது. 'துன்பக்கேணி'யைப் படமாக்க விரும்புவோர் இனி எவருக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.