துறைமுகத்து கிளார்க்

ராயபுரம் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல பஸ் மாட்டிக்கிட்டா, துறைமுகத்தைத் திட்டாதவங்க நம்மள்ல யாரும் இல்ல. அதே துறைமுகத்துல 1912 மார்ச் 1 அன்று 24 வயசு இளைஞர் ஒருவர் கிளார்க்காகச் சேர்ந்தார். மாசம் 30 ரூபாய். பச்சையப்பன் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் ஃபெயில் (அரியர் வச்சிருக்கிறவங்க உடனே காலரைத் தூக்கிக்காதீங்க). அவர்தான் ராமானுஜன்.

தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் இரவில் சிலேட்டோடு அவர்கூட உட்கார்ந்து கணக்குப் போடுவார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இன்ஜினியர், வெள்ளைக்காரர். யோசிச்சுப் பாருங்க, அந்தக் காலத்தில் கடைநிலை கிளார்க்கின் நோட்டுப் புத்தகத்தை அவர் ஏன் மதிக்கணும்? மதித்தார், பல இடங்களில் அவருக்காகப் பேசினார். மெட்ராஸ் இன்ஜினியரிங் கல்லூரியின் சிவில் பேராசிரியர் கிரிஃபித்தும், நம்ம துறைக்காரர்தான், அந்தக் கணக்குகளை லண்டனுக்கு அனுப்பி வைத்தார்.

1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். வேறு இரண்டு கணித மேதைகள் கைவிட்ட பிறகு, ஹார்டி மட்டும் உட்கார்ந்து படித்தார். 1914 மார்ச் 17 அன்று, தான் கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து ராமானுஜன் கப்பலேறினார்.

ஐந்து வருஷ நட்பு. டிரினிட்டியில் ஃபெலோ ஆக்க ஹார்டி எடுத்த முதல் முயற்சி தோற்றது. கறுப்பரை ஏற்கக் கூடாது என்று வெளிப்படையாகவே பேசியவர் அங்கே இருந்தார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் விடல. 1918-ல் ராயல் சொசைட்டி, அக்டோபரில் டிரினிட்டி, இரண்டும் கிடைத்தன.

ஆனா ஒண்ணு உறுத்துது. குளிரில் ராமானுஜன் ஓவர்கோட்டோடு, போர்வைக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். உள்ளே நுழைந்து படுக்கணும்னு காட்டிக் கொடுத்தது வங்காளி மாணவர் மகலனோபிஸ். தினமும் சந்தித்த ஹார்டி கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. ரெண்டு பேருமே கூச்ச சுபாவம். கணக்கைத் தாண்டி அவங்க பேச்சு அதிகம் போகல.

1919-ல் நோயோடு ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேராக மாக் தீட்டா சார்புகளுக்குள் போய்விட்டார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.