முகாமுக்குப் பின் ஒரு தறி: எமிலி ஹொப்ஹவுஸ்

யுத்தத்தின் பின் வரும் நிவாரணம் ஒரு நாள் நின்றுவிடும். அதன்பிறகு அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்விக்குத் தறியால் பதில் தேடியவர் எமிலி ஹொப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்.

1860 இல் இங்கிலாந்தின் கோர்ண்வோலில் ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்தார். தந்தை 1895 இல் இறக்கும்வரை வீட்டிலிருந்து அவரைப் பராமரித்தார். 1899 இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும், டச்சு வழிவந்த போயர் மக்களுக்கும் யுத்தம் மூண்டது. பிரித்தானியப் படை பண்ணைகளை எரித்து, பெண்களையும் சிறுவர்களையும் முகாம்களில் அடைத்தது. 1901 ஜனவரியில் நிவாரணப் பொருட்களுடன் புளூம்பொன்டெயின் முகாமுக்குப் போன எமிலி, சவர்க்காரம்கூட இல்லாத கூடாரங்களையும் மெலிந்து கிடந்த பிள்ளைகளையும் கண்டார். நாடு திரும்பி அறிக்கை வெளியிட்டார். சொந்த நாட்டவரே அவரைத் துரோகி என்று ஏசினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் போனபோது, கேப்டவுனில் கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த முகாம்களில் ஏறக்குறைய 28,000 போயர் மக்கள் மாண்டார்கள். பெரும்பாலானோர் சிறுவர்கள்.

யுத்தம் முடிந்து 1903 இல் மறுபடியும் போனார். கூரையில்லாத வீடுகள், உழ மாடில்லாத நிலங்கள். பெண்பிள்ளைகளுக்குச் செய்ய ஒரு தொழிலும் இல்லை. ஆனால், அந்த நாட்டில் செம்மறி ரோமத்துக்குக் குறைவில்லை. அதை வைத்தே தொழில் தொடங்கலாம் என்று கணக்கிட்டார் எமிலி. முதலில் தாமே நூற்கவும் நெய்யவும் கற்றார். 1905 இல் மார்கரெட் கிளார்க் என்ற தோழியுடன் பிலிப்போலிஸ் என்ற சிற்றூரில் முதல் பள்ளியைத் திறந்தார். ரோமத்தை நூலாக்கி, நூலைக் கம்பளியாகவும் விரிப்பாகவும் நெய்யப் பெண்கள் அங்கே பழகினார்கள். அடுத்த பள்ளி ஜொகனஸ்பேர்க் அருகே லாங்லாக்டேயில். பள்ளிகள் 27 ஆகப் பெருகின.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கறுப்பின மக்களையும் தனி முகாம்களில் அடைத்திருந்தார்கள். அங்கும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இந்தத் தறிகள் அவர்களைச் சென்றடையவில்லை.

நம்மவர் கதையிலும் எமிலிக்கு ஓர் இடம் உண்டு. தென்னாபிரிக்காவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் தமிழ்ப் பெண்களும் தொழிலாளரும் சிறை சென்றிருந்த காலம் அது. 1914 இன் தொடக்கத்தில், ஜெனரல் ஸ்மட்ஸுடன் தமக்கிருந்த நட்பைக் கொண்டு சமரசத்துக்காக முயன்றார்.

1926 இல் இலண்டனில் காலமானார். அவரது அஸ்தி, முகாம்களில் இறந்தவர்களுக்காகப் புளூம்பொன்டெயினில் எழுப்பிய நினைவுத்தூணின் அடியில் வைக்கப்பட்டது.

ஊரில் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்குக் காசு அனுப்புகிறோம். அது தேவைதான். அங்கே கிடைக்கும் மூலப்பொருள் எது, அதை வைத்துத் தொழில் பழக்க யார் இருக்கிறார்கள் என்றும் சேர்த்து விசாரித்தால், நாம் அனுப்பும் காசு நின்ற பின்னும் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.