பஞ்சத்தில் மிஞ்சிய பெண் கட்டிய வீடு



தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பிடித்து உலுக்கிய பஞ்சம் அது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டு போனார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் கப்பல் ஏறினார்கள். நம்மவர்கள் மலாயாவுக்கும் சிலோனுக்கும் வந்து சேர்ந்ததற்கு அந்த வயிற்றுப் பசியும் ஒரு காரணம். அதனால் பஞ்சத்தின் கதை நமக்கு ஊரார் கதை அல்ல, சொந்தக் கதை.

கப்பல் ஏறாமல் அங்கேயே கிடந்து, அந்தக் காலத்துப் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, பிறகு ஆயிரக்கணக்கான அநாதைகளுக்குத் தாயாக நின்ற ஓர் அம்மையாரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர்தான் பண்டித ரமாபாய்.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி பெரிய படிப்பாளி. பொம்பளைப் பிள்ளைக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்திருந்த காலம். அவர் அதை மதிக்காமல் தன் மனைவிக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாய் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். குடும்பமே ஊர் ஊராக நடந்து, கோயில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் படித்துப் பிழைத்தது.

பஞ்சம் வந்ததும் புராணம் கேட்க ஆளில்லை. கையில் இருந்த பணமும் பாத்திரமும் தீர்ந்தன. கூலி வேலை செய்வது தங்கள் குலத்துக்கு இழிவு என்று நினைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். பிச்சை கேட்கவும் வாய் வரவில்லை. காட்டுக்குள் போய்ப் பதினொரு நாள் இலை தழையையும் தண்ணீரையும் தின்று குடித்து உயிரை வைத்திருந்தார்கள். கடைசியில் அண்ணன் சீனிவாசன்தான் ஒரு முடிவுக்கு வந்தான். குலப் பெருமை சோறு போடாது, கூலி வேலைக்குப் போகிறேன் என்று எழுந்தான். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1874இல் தகப்பனார் கண்ணை மூடினார்.

சில வாரங்களில் தாயும் படுத்த படுக்கையானார். அவருக்காக மகள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். வெட்கத்தில் நாக்கு எழவில்லை. அந்த வீட்டுக்காரி ஒரு துண்டு கம்பு ரொட்டி கொடுத்தாள். அதை மெல்லக்கூடத் தாய்க்குத் தெம்பு இல்லை. அவரும் போனார். பாடை தூக்க ஆள் போதவில்லை. இரண்டு பேர் மட்டும் மனமிரங்கி வந்தார்கள். குள்ளமான அந்தப் பெண் மற்றவர்களின் தோளுக்கு எட்டாததால், பாடையின் ஒரு முனையைத் தன் தலையிலேயே தாங்கிக்கொண்டு சுடுகாடு வரை நடந்தாள். அடுத்து அக்காவும் மறைந்தார். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த நோன்பு, தானம், தீர்த்தம் எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் செய்தோமே, இப்படி ஆகிவிட்டதே என்று அண்ணனும் தங்கையும் மனம் நொந்து போனார்கள்.

இருவரும் வடக்கே காஷ்மீரம் வரை நடந்தே போனார்கள். 1878இல் கல்கத்தா வந்தார்கள். அங்கே ரமாபாயின் கல்வியைக் கண்டு அதிசயித்த அறிஞர்கள் பண்டிதா, சரஸ்வதி என்று பட்டங்கள் கொடுத்தார்கள். நல்ல காலம் பிறந்தது என்று எண்ணினால், 1880இல் அண்ணன் போய்விட்டார். அதே ஆண்டு, சாதி வேறுபாட்டைப் பாராமல், பிபின் பிஹாரி தாஸ் என்ற வங்காள வக்கீலைக் கலியாணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மனோரமா என்று ஒரு மகள். அதற்கடுத்த ஆண்டு, 1882 பிப்ரவரியில், கணவரைக் காலரா கொண்டு போயிற்று. இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை. சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை.

அந்தக் காலத்து விதவையின் நிலை உங்களுக்குத் தெரியும். மொட்டை அடித்து மூலையில் உட்கார வைப்பார்கள். ரமாபாய் மூலையில் உட்காரவில்லை. புனேக்குப் போய்ப் பெண்கள் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று அரசாங்கத்தின் கல்விக் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னார். தானே டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது மந்தமானதால் அந்த ஆசை நிறைவேறவில்லை.

கணவர் வீட்டிலிருந்த காலத்தில், வங்காள மொழியில் அச்சான லூக்கா சுவிசேஷம் அவர் கையில் கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் கன்னியாஸ்திரிகள் அவரை லண்டனில் ஓர் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். வழி தவறிப் போனவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அங்கே அன்போடு வைத்துப் பராமரித்தார்கள். இவர்களுக்கு ஏன் இவ்வளவு இரக்கம் என்று அவர் கேட்டபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய கதையை எடுத்துச் சொன்னார்கள். ஒதுக்கப்பட்டவளோடு உட்கார்ந்து பேசுகிற கடவுள் என்ற எண்ணம் அவர் மனத்தில் பதிந்தது. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

அன்றைக்கே துக்கமெல்லாம் பறந்துவிடவில்லை. மதம் மாறிய பிறகும் மனம் அலைந்துகொண்டே இருந்தது. குருமார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவும் மறுத்தார். தன் புத்திக்குப் பட்டதைக் கேட்டே தீருவார். ஏறக்குறைய எட்டு ஆண்டு கழித்துத்தான் இயேசுவிடத்தில் தனக்கு முழு ஆறுதல் கிடைத்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்தார். ஆழமான காயம் ஆறக் காலம் எடுக்கத்தான் செய்யும்.

இதற்கிடையில் 1889இல் பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. 1893இல், பிள்ளைகளை மதம் மாற்றுகிறார் என்று பெரிய சண்டை எழுந்தது. துணையாக இருந்த பெரிய மனிதர்கள் விலகினார்கள். பலர் தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மையார் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. மிச்சமிருந்தவர்களோடு பள்ளியை நடத்தினார்.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. நம் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் முதல் ரப்பர்த் தோட்டத்தை நட்ட அதே வருஷம். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண் குழந்தைகளின் செய்தி காதில் விழுந்ததும், காட்டில் இலை தின்ற அந்தப் பழைய நாட்கள் அவர் கண் முன்னே வந்து நின்றன. நேரே அங்கே புறப்பட்டுப் போனார். ஆதரவற்ற பெண்களைத் திரட்டிக் கூட்டி வந்து, புனேக்கு அருகே கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் கொட்டகை போட்டுக் குடிவைத்தார். அதற்கு முக்தி என்று பெயர். 1900இல் குஜராத் பஞ்சம் வந்தபோது அங்கே இருந்தவர்கள் சுமார் 2,000 பேர்.

அங்கே யாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. கிணறு வெட்டினார்கள், வயல் வேலை செய்தார்கள். நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், ரொட்டி சுடுதல், அச்சுக் கோத்தல் என்று ஆளுக்கொரு தொழில் கற்றார்கள். கண் தெரியாத பெண்களுக்குத் தடவிப் படிக்கும் எழுத்தை மகள் மனோரமா கற்றுக் கொடுத்தார். கூலி வேலையை இழிவென்று நினைத்துப் பட்டினி கிடந்த குடும்பத்துப் பெண், உழைப்பே கௌரவம் என்று ஓர் ஊரையே கட்டி எழுப்பினார். சாதியும் பார்க்கவில்லை.

கிராமத்துப் பெண்ணுக்கும் புரிய வேண்டும் என்று, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். முக்தியின் பெண்களே அதை அச்சுக் கோத்தார்கள். 1921இல் மனோரமாவும் இறந்தார். அந்தத் தாய் அப்போதும் வேலையை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் கண்ணை மூடினார். 1989இல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இல்லம் இன்றும் நடக்கிறது.

இதை ஏன் நமக்குச் சொல்கிறேன்? வீட்டுக்காரர் போய்விட்டால் வேலையோடு லயத்து வீடும் போய்விடும் என்ற பயம் நம் தோட்டங்களில் எத்தனை தாய்மாரைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது! தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எத்தனை குடும்பம் மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்திருக்கிறது! அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல ஆள் வருவார்கள், இரண்டு நாளில் போய்விடுவார்கள்.

ரமாபாய் அம்மையார் தன் நம்பிக்கையை இயேசுவிடம் கண்டார். நம்மில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. யார் எங்கே கும்பிட்டாலும் சரி, அவர் வாழ்க்கையில் ஒன்றைக் கவனியுங்கள். தனக்குக் கிடைத்த ஆறுதலைத் தன் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. தன்னைப் போலவே பசித்தவளைத் தேடிப் போய், கையைப் பிடித்து, ஒரு தொழிலையும் கற்றுக் கொடுத்தார். உங்கள் லயத்தில், உங்கள் தாமானில் தனித்துப் போன ஒரு தாய் இருந்தால், இந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, அடுப்பு எரிகிறதா, சொக்சோ பணத்துக்கு மனு எழுதியாயிற்றா என்று கேளுங்கள். எழுதத் தெரியாதென்றால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.